திறந்துகொண்டே இருந்த கட்டடம்

செம்பாறை நாட்டில் ஒரு கல்விக்கூடம் இருந்தது. அதைக் கட்டிய முதல் அரசர் கொத்தனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "உள்ளே வெளிச்சம் வரணும்." அதனால் அங்கே சுவரைவிடச் சன்னல் அதிகம். மாடியில் வானியல் துறை, நடுவில் சட்டத் துறை, கீழே கண் மருத்துவத் துறை. புரை விழுந்த கண்ணோடு கைபிடித்து அழைத்துவரப்பட்டவர்கள் தாங்களாகவே நடந்து வீடு திரும்பிய காலம் அது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். யார் பட்டத்துக்கு வந்தாலும் இந்தக் கட்டடத்தைத் திறந்துவைக்க வேண்டும். ஏற்கெனவே திறந்துதானே கிடக்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டவர்கள் இருந்தார்கள், பிறகு இல்லை. ஒவ்வொரு திறப்புக்கும் ஆளுயரக் கல்வெட்டு. முந்தைய அரசரின் பெயரைவிடப் புது அரசரின் பெயர் பெரிதாக இருந்தாக வேண்டும். சுவரில் இடம் தீர்ந்ததும் சன்னல்களில் கல்லைப் பதித்தார்கள்.

மாடிதான் முதலில் இருண்டது. "வானம் எங்கும் போய்விடாது. புத்தகத்தில் படம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று கல்வி அமைச்சர் சீர்காத்தார் ஆணையிட்டார். சட்டத் துறைக்கு இருட்டு ஒரு குறையாகவே படவில்லை. சேர்க்கைகூடக் கூடியது.

கண் மருத்துவத் துறைக்கு மிஞ்சியது ஒரே ஒரு கிழக்குச் சன்னல். துறைத் தலைவி நப்பின்னை அந்த வெளிச்சத்தில்தான் பாடம் நடத்தினார், புரையும் எடுத்தார். விளக்கை வைத்துக்கொண்டு கண்ணில் ஊசி வைத்துப் புரை எடுக்க முடியுமா? கை கொஞ்சம் பிசகினால் ஆயுசுக்கும் இருட்டுதான்.

எழினி அரசர் பட்டமேறினார். கல் அந்தச் சன்னலுக்கு வந்தது.

"ஐயா, இது ஒன்றையாவது விட்டுவிடுங்கள். வாசலில் நிற்கிற சனங்களைப் பாருங்கள்" என்று கெஞ்சினார் நப்பின்னை.

"அம்மா, உங்கள் துறைமேல் அரசுக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் உங்கள் சன்னலையே தேர்ந்தெடுத்தோம்" என்றார் சீர்காத்தார்.

கல் ஏறியது. சிகிச்சைக்காக வரிசையில் நின்றவர்களும் கைதட்டினார்கள்.

ஆண்டுகள் போயின. ஊரில் பாதிப் பேர் தடவித் தடவி நடந்தார்கள். ஒருநாள் எழினி தம் கல்வெட்டைப் பார்க்க வந்தார். தாத்தாவின் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு தம் பெயரைக் கம்பீரமாக வாசித்தார். யாரும் திருத்தவில்லை. நப்பின்னை மட்டும் அருகில் போய் அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

"இரண்டிலும் புரை, மகாராஜா. எடுத்துவிடலாம். எனக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். உங்கள் கல்லை இறக்கினால் போதும்."

"என் பெயர் என்ன ஆவது?"

"இறக்கிவைத்தால் நீங்களே படிக்கலாம்."

அரசர் கொஞ்சம் தயங்கினார். பாவம், அவருக்கும் ஆசை இருந்தது. அமைச்சர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நாட்டுக்குக் கண் மருத்துவம் அவசியம் என்று தெரிகிறது. அந்தத் துறையை மகாராஜா கையாலேயே மறுபடி திறந்துவைப்போம்" என்றார் சீர்காத்தார்.

அரசர் முகம் மலர்ந்தது. "கல் பதிக்கச் சுவரில் இடம் இருக்கிறதா?"

"சுவரில் இல்லை மகாராஜா. வாசல் இருக்கிறது."

நப்பின்னை தம் ஊசிப் பெட்டியோடு வெளியே வரும்வரை பொறுத்திருந்துதான் கல்லை வைத்தார்கள். அந்த மட்டுக்கு நல்லவர்கள். அரசர் அதைத் தடவிப் பார்த்து, "எழுத்து நன்றாகத் தெரிகிறது" என்றார்.

ஆமாம், நன்றாகத் தெரிகிறது என்றார்கள் சனங்கள்.