அரசாங்கம் வளர்த்த குழந்தை

மழலை மேம்பாட்டுத் திணைக்களம் சென்ற தை மாதம் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தது. வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் சுகப்பிரசவம். லிஃப்ட் பழுதாகையால் நாலு பேர் தூக்கி வந்தார்கள். பெட்டியைப் பிரித்துக் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டவன் பிரதம லிகிதர் இராஜநாயகமாகிய நான்.

குழந்தை என்றால் இயந்திரம். மற்றச் செயற்கை நுண்ணறிவெல்லாம் உலகத்துப் புத்தகங்களை ஒரேயடியாக விழுங்கிவிட்டுப் பேசுமாம். இது அப்படியல்ல. வீட்டுப் பிள்ளைகளைப் போலச் சுற்றியிருப்பவர்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதற்குப் பேச்சும் புத்தியும் வரும். ‘குழந்தை’ என்று கோப்பில் எழுதியாகிவிட்டபடியால் கணக்காய்வாளர் தடுப்பூசி அட்டை கேட்டார். தொட்டில் வாங்க, விலை கேட்டுக் கேள்விமனுக் கோரினோம். கண்ணூறு படாமலிருக்கப் பியோன் இராமர் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். அதைப் பொருட்பதிவேட்டில் ‘கறை’ என்று பதிந்தேன்.

திணைக்களத்தில் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்க சரோஜினிதேவி மிஸ் ஒருவர்தான் இருந்தார். அவரை முழுநேரமும் குழந்தைக்கு ஒதுக்கினோம். எலும்பும் சதையுமாக இருந்த மற்றப் பிள்ளைகளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தோம்.

பட்டியலில் முதற்பெயர் ஐறீன். கொச்சிக்கடைப் பிள்ளை, வயது நாலு. காது கேட்கும், நன்றாகச் சிரிப்பாள், ஒரு சொல் வராது. தாய் டோரினுக்கு ஒருகொடவத்தையில் ஒரு கன்டீனில் வேலை. கிழமைக்கு ஒருதரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு உதவிப் பணிப்பாளர் சிவபாதசுந்தரத்தின் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள்.

“சேர், இவள் ஒருக்கா ‘அம்மா’ எண்டு சொன்னாப் போதும். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல.”

“தங்கச்சி, மகளுக்கு எத்தினை வயசு?”

“நாலு, சேர்.”

“எங்கட பிள்ளைக்கு நாலு மாசம். கைக்குழந்தைக்குத்தானே முன்னுரிமை?”

“அது மெசின்தானே, சேர்?”

“அது பிள்ளை மாதிரி. திட்டம் பிள்ளை மாதிரியானதுக்கு. உங்கட மகள் பிள்ளை. அதுதான் சிக்கல்.”

டோரின் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்ட் இன்னும் பழுது.

இதற்கிடையில் அதிகாரிகளுக்கு ஒரு பயம் பிடித்தது. கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும்? தாங்கள் மேலதிகாரியைப் பற்றிக் கதைத்ததை அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால்? ஆகவே, குழந்தையின் செவிக்கெட்டும் தூரத்தில் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் பேசலாகாது என்று ஒரு சுற்றுநிருபம் போட்டோம். எழுதியது நான்தான். அன்றிலிருந்து அலுவலகத்தில் தேத்தண்ணி கேட்பதற்கும் துண்டெழுதினோம். நாலு மாதம் மின்விசிறியை மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை ஒரு சொல்லும் பேசவில்லை.

“பிள்ளையோட பிள்ளை இருந்தாத்தான் கதை வரும். நானும் வாய் திறந்து கதைக்கவேணும்” என்று மிஸ் எழுதிக் கொடுத்தார்.

குழு கூடியது. துணைக்கு வரும் பிள்ளை கெட்ட வார்த்தை பழக்கிவிட்டால் என்ன செய்வது? இரண்டு மணி நேர ஆராய்ச்சிக்குப் பின் சிவபாதசுந்தரம் வழி கண்டார். “பேச்சு வராத பிள்ளையாப் பாத்து எடுப்பம். அது ஒண்டும் பழக்காது.”

அப்படித்தான் ஐறீனுக்கு இடமும் மிஸ்ஸுக்கு வாய் திறக்க அனுமதியும் கிடைத்தன. மிஸ் முகத்தை இயந்திரத்துக்குக் காட்டியபடி மனத்தை ஐறீனிடம் வைத்துக் கதைத்தார். மூன்று மாதத்தில் ஐறீன் ‘மீன்’ என்றாள், ‘பஸ்’ என்றாள், என்னைப் பார்த்துப் ‘போ’ என்றாள். ‘அம்மா’ மட்டும் வரவில்லை. இயந்திரத்துக்கு எதுவுமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, அதைத் தந்த வெளிநாட்டு நிபுணர்கள் பார்வையிட வந்தார்கள். சிவபாதசுந்தரம் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு திரை கட்டி, அவள் சொல்வது இயந்திரம் சொல்வதாகக் கேட்கட்டுமென்று ஐறீனை அதற்குள் இருத்தினார். விருந்தினருக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் நிற்க டோரினுக்கு அனுமதி கிடைத்தது.

“உங்கட மகளெண்டு காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினா மகளுக்கு இனி இடமில்லை. விளங்கிச்சோ?”

“ஓம், சேர்.”

நிபுணர்களில் ஒருவர் இயந்திரத்திடம் குனிந்து கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “தம்பி, உனக்கு ஆரைக் கூடுதலாப் பிடிக்கும்?”

திரையின் இடுக்கால் ஐறீன் தட்டோடு நின்ற தாயைக் கண்டாள்.

“அம்மா.”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. இயந்திரம் பேசிவிட்டதென்று அந்த நிபுணர் கண்ணைத் துடைத்தார். நான் டோரினைத்தான் பார்த்தேன். நாலு வருடமாகக் காத்திருந்த சொல் அது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவாள் என்று பயந்தேன். தூக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவள் தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, எல்லோரையும் போலக் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

இந்த மகத்தான வெற்றியின் பேரில் இன்னும் ஏழு இயந்திரங்கள் தர நிபுணர்கள் இணங்கினார்கள். ஒன்றுக்கு ஒரு பயிற்சியாளர், ஒரு துணைப்பிள்ளை, ஒரு திரை.

மறுநாள் காலை மூன்று மாடிப் படியிலும் பேசாத பிள்ளைகளின் தாய்மார் வரிசையில் நின்றார்கள். எட்டாவதாக நின்றவள் என் மனைவி. அவள் இடுப்பில் எங்கள் சின்னவன். மூன்று வயதாகிறது, இன்னும் சொல் வரவில்லை.

நான் சட்டப்படி நடக்கிறவன். அவளுக்கு எட்டாம் இலக்கத்தைத்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஏழு இயந்திரம் நாட்டுக்குப் போதாதென்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேலே ‘அவசரம்’ என்று சிவப்பு மையில் போட்டேன்.