பதினொரு புள்ளடியும் ஒரு பொலிஸ் சாட்சியும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரைக்கும் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியிருக்கிறேன். அதற்குப் பொலிஸ் சாட்சி உண்டு. (இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?)

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கி, கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். அக்காவின் சமையலும் அலுவலகக் கதிரையும் சேர்ந்து எனக்கு வயிறு, எங்கள் பேச்சில் வண்டி, வைத்துவிட்டது. "தம்பி, உம்மட வண்டி முன்னால வருது, நீர் பிறகு வாறீர்" என்றார் அத்தான். ரோஷம் வந்து மறுநாளே ஓடத் தொடங்கினேன்.

வீதியில் ஓட வெட்கம். அதனால் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில், மணலும் பாறையும் தாழைப் பற்றையுமாகக் கிடந்த ஒற்றையடிப் பாதையைப் பிடித்தேன். மூன்று வருடம் பஸ்ஸிலேயே போய் வந்தவனுக்குக் கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பைத்தியமே பிடித்துவிட்டது. பாதையைக் கையால் படமாகக் கீறி, மூச்சு வாங்க நின்ற இடங்களுக்கெல்லாம் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டேன். மொத்தம் பதினொன்று. வீட்டிலோ, நிற்காமல் ஓடுவதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அடையாள அட்டை இல்லாமல் தமிழன் வாசலைத் தாண்டாத காலம். என் கட்டைக் காற்சட்டையில் பொக்கற் இல்லை. ஆகவே அட்டையையும் படத்தையும் பொலித்தீனில் சுற்றிக் காலுறைக்குள் செருகிக்கொள்வேன். (சண்டைக்காலத்தில் ரயில் பாதையைப் படம் கீறி, காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடும் ஒரு தமிழ் இளைஞன். இதில் என்ன பிழை என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.)

ஒரு சனிக்கிழமை காலை, ரயில் கடவையில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி. அட்டையை உருவினேன்; படமும் கூடவே வந்தது.

சார்ஜன்ட் அதை விரித்துப் பார்த்தார். "மேக்க மொகத்த?" இது என்ன என்கிறார்.

என் சிங்களம் மீன் வாங்க மட்டுமே போதுமானது. "துவனவா, மாத்தயா" என்றேன். ஓடுகிறேன் ஐயா.

"கவுத எலவன்னே?" யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பிடிபட்டு, பின்னேரம் வீடு திரும்பாதவர்களை எங்களுக்குத் தெரியும். புள்ளடிகள் நான் களைத்து நிற்கும் இடங்கள், கடைசிப் புள்ளடி தெஹிவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை என்று கைகாலால் விளக்கினேன். அவர் அட்டையையும் படத்தையும் வைத்துக்கொண்டு, ஓடிக் காட்டு என்று துவக்கும் தோட்டாவுமாக ஒரு கொன்ஸ்டபிளை என் பின்னால் அனுப்பினார்.

நின்றால் சந்தேகம் கூடிவிடும் என்ற பயத்தில், புள்ளடி வரும்போதெல்லாம் கையை மட்டும் காட்டிக்கொண்டு ஓடினேன். சப்பாத்தும் துவக்குமாக வந்தவர் ஐந்தாம் புள்ளடியில் "மல்லி, பொட்டக் இன்ன" என்று கெஞ்சினார். கொஞ்சம் நில், தம்பி என்கிறார். அவருக்காக அதே இடத்தில் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தேன் (நிற்கவில்லை, கவனிக்கவும்). எட்டாவதிலும் அதேதான். என் படம் எவ்வளவு சரி என்பதற்கு அவருடைய மூச்சே அத்தாட்சி.

கடை வாசலில் நானா கேட்டார்: "என்ன தம்பி, இண்டக்கி உக்காரல்லயா? வழம போல ரெண்டு வடயும் பிளேன்டியும் தானே?"

வடை என்ற சொல் கொன்ஸ்டபிளுக்கும் விளங்கியது. அவரும் இரண்டு சாப்பிட்டார். திரும்பிப் போக அவரே பஸ்ஸை மறித்தார்.

சாவடியில் அக்காவும் அத்தானும் நின்றார்கள். துவக்கோடு ஒருவர் என்னைத் துரத்துவதைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். நான் அந்த வீட்டில் தங்கியிருப்பதற்குச் சாட்சியான பொலிஸ் பதிவுப் படிவம் அக்காவின் கையில் கசங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஹொந்தட துவனவா, சேர்" என்றார் கொன்ஸ்டபிள். நன்றாக ஓடுகிறேனாம். என் நெஞ்சு அந்த நிலையிலும் நிமிர்ந்தது.

சார்ஜன்ட் அட்டையைத் தந்தார். பிறகு, சிங்களம் தெரிந்த அத்தானைக் கூப்பிட்டுப் பதினொரு புள்ளடிக்கும் வரிசையாக விளக்கம் சொன்னார். அத்தான் ஒன்றையும் விடாமல் அக்காவுக்குத் தமிழில் சொன்னார்.

"நிக்காமல் ஓடுறன் எண்டெல்லோ சொன்னனீ?" என்றாள் அக்கா.

"இண்டைக்கு ஓடினனான், அக்கா."

படம் திரும்பி வரவில்லை. தேவையுமில்லை, அத்தானுக்கு அது மனப்பாடம். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் நான் ஓடுகிறேன். புள்ளடி மூன்றாகக் குறைந்துவிட்டது. நான் சப்பாத்துக் கட்டும்போதெல்லாம் அத்தான் கேட்பார்: "தனியவோ போறீர்? ஒரு பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் நிக்காமல் போய் வரலாமே."

வீடே சிரிக்கும். அக்கா மட்டும் "அட்டை எடுத்தனியே?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் குனிந்து என் காலுறையைத் தொட்டும் பார்ப்பாள்.