ஆறு சுத்தியல்களையும் நேராக்கியது பற்றி

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் மகளும், பிறந்து பதினெட்டு நாளான பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் ஒப்படைத்துவிட்டுப் போன பட்டறை பத்திரமாக இருக்கிறது. உலை இருக்கிறது. பட்டறைக்கல் இருக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுத்தியல்கள் ஆறும் இருக்கின்றன. எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை.

"தாங்கள்" என்று எழுதினால் கொஞ்சம் தைரியம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. பேத்தி மடியில் இருந்தால் அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படி.

நீ கிளம்பும்போது சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். "வாரம் ஒரு தடவை சுத்தியல்களுக்கு எண்ணெய் தடவு, துருப்பிடிக்காம பாத்துக்கோ, வேற எதையும் தொடாதே." தொடாதே என்பதை நீ இரண்டு தடவை சொன்னதாக இவள் இப்போது சாட்சி சொல்கிறாள். எண்ணெய் தடவத்தான் எடுத்தேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் வரைபட அலுவலகத்தில் கோடு போட்டவன் கண் சும்மா இருக்குமா? முதல் சுத்தியலின் முகம் தட்டையாக இல்லை, நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. விளிம்பெல்லாம் பழைய சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தது. கைப்பிடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மாடிக்கு ஓடி என் மூலைமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன், ஆறில் ஒன்றுகூட நேர் இல்லை. அதிலும், கைக்கெட்டுகிற இடத்தில் மாட்டி வைத்திருந்தாயே, அந்த நடுத்தரச் சுத்தியல், அதன் முகம் ஒரு பக்கமாகச் சரிந்தே போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் அக்கா, இத்தனை வருஷமாகத் தேய்ந்துபோன சாமான்களை வைத்துக்கொண்டு கத்தி அடித்திருக்கிறாள், வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்தேன். நீ திரும்பி வரும்போது உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதில் மட்டும் எனக்குத் தோல்வி வராது.

மூன்று நாள் சாணையில் நின்றேன். ஆறு முகத்தையும் கண்ணாடி மாதிரி தட்டையாக்கி, விளிம்புகளைக் கூராக நிமிர்த்தி, கைப்பிடிகளை ஒரே நீளத்துக்கு அறுத்து, எடைவாரியாக மாட்டினேன். தேய்க்கத் தேய்க்க இரும்பில் மயில்கழுத்து நீலம் ஏறியது. மெருகு ஏறுகிறதாக்கும் என்று இன்னும் அழுத்திப் பிடித்தேன். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகாத்தாங்க இருக்கு. அண்ணி இப்படிப் பண்ணச் சொன்னாங்களா?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லித்தான் செய்யணுமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது இவள் தினம் மூன்று வேளை எனக்கே திருப்பிப் பரிமாறுகிறாள்.

அதோடு நின்றிருக்கலாம். நாலாம் நாள் விடுதிச் சமையல்காரர் வந்தார், காய் நறுக்கும் கத்தி ஒன்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தாராம். அக்கா வரட்டும்னு சொல்லி அனுப்பியிருந்தா அது மனுஷன் செய்யற காரியம். நான், "உட்காருங்க, ஒரு மணி நேரத்துல அடிச்சுத் தரேன்" என்றேன். நீ அடிப்பதை ஜன்னல் வழியாக எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அது போதாதா? உலையை மூட்டி, இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, கல்லில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். பட்டையில் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. கை பழகவில்லை போலிருக்கிறது என்று அடுத்த சுத்தியலை எடுத்தேன். இன்னொரு பிறை. ஆறையும் மாற்றி மாற்றி அடித்தேன், பட்டை முழுக்கப் பிறை. அவற்றை மறைக்க அவற்றின் மேலேயே அடித்தேன். வெட்டுகள் ஆழமாகி, ஒரு மூலை துண்டாக விண்டு சமையல்காரர் காலடியில் போய் விழுந்தது. அவர் இரண்டு காலையும் நாற்காலி மேலே தூக்கிக்கொண்டு, "ஐயா, இது நறுக்கறதுக்கா, துருவறதுக்கா?" என்று கேட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறை வெல்டர், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே வந்தார். வரிசையாக மாட்டியிருந்ததைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "யார் சார் இதைச் செஞ்சது?"

"நான்தான். கொஞ்சம் சரி பண்ணினேன்."

"சரி பண்ணினீங்களா" என்றார். அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை.

பிறகு சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். முகம் நடுவில் புடைத்திருந்தால்தான் அடி இரும்பை மெதுவாக நாலா பக்கமும் தள்ளுமாம், விளிம்பு உருண்டிருந்தால்தான் கை சற்றுப் பிசகினாலும் வெட்டு விழாதாம், கடையில் வாங்கின சுத்தியலை நீ வாரக்கணக்கில் தேய்த்து அப்படி ஆக்கிக்கொண்டாயாம். அந்த நீலம் மெருகு இல்லையாம், சூடு ஏறி இரும்பின் கெட்டித்தன்மை போய்விட்ட அடையாளமாம். ஓர் அரத்தை எடுத்து என் கண்ணெதிரே இழுத்தார், இரும்பு வெண்ணெய் மாதிரி வழிந்தது. அப்புறம், "சாய்ச்ச சுத்தியல் எங்க சார்?" என்றார். காட்டினேன். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவுக்கு மணிக்கட்டு முறிஞ்சுதே, அப்புறம் கை முழுசாத் திரும்பலை சார். கத்தியோட வாயைச் சரிவா அடிக்கணும்னா கையைச் சாய்க்கணும், அவங்களால முடியலை. கை சாயலைன்னா சுத்தியல் சாயட்டும்னு சொன்னாங்க. கொஞ்சம் தேய்ச்சு, அடிச்சுப் பாத்து, வலிச்சா மறுபடி தேய்ச்சு, ஒரு வருஷம் ஆச்சு அது அமையறதுக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது, அக்கா. பக்கத்துப் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. அப்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன், கை முறிந்த சேதி வந்ததும் ஃபோன் செய்தேன். "எப்படி இருக்கே?" என்றேன், "பரவாயில்லை" என்றாய். சரி என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோரத்து மேஜை கிடைத்ததைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுவரை சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். எந்தக் கையால் ரிசீவரைப் பிடித்திருந்தாயோ.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சமையல்காரர், விழுந்த துண்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வெல்டரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிப் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். பரிகாரம் பெரிதாக இருக்கட்டும் என்று இருப்பதிலேயே பெரிய சுத்தியல் தலையைத் தூக்கினேன். "இதால பத்து அடி அடிங்க சார், பதினொண்ணாவது உங்க முட்டியிலதான் விழும்" என்றார். எடையைக் கையில் ஏந்திப் பார்த்து, தட்டினால் கணீரென்று கேட்கிறதா என்று பார்த்து, கைப்பிடித் துளை கோணாமல் இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்து, ஆறு தலை பொறுக்கினோம். வந்து சாணையில் பிடித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து ஐந்துவரை எண்ணுவார், ஐந்து என்றதும் நான் தண்ணீரில் முக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு இது தேவைதான். ஐந்து சுத்தியல்களின் முகம் புடைத்து விளிம்பு உருண்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் புதுக் கைப்பிடி போட்டுப் பலகையில் அடித்துப் பார்த்தோம், வெட்டு விழவில்லை. ஆறாவதுதான் நிற்கிறது. எவ்வளவு சாய்க்க வேண்டும்? என் மணிக்கட்டில் அளவுகோலை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கை திரும்பாமல் அடித்துப் பார்த்தேன். இவள் வந்து பார்த்தாள்.

"அண்ணி கை எவ்வளவு திரும்பும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எந்தக் கணக்குல கட்டியிருக்கீங்க?"

அவளே முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

ஆகவே அந்த ஆறாவதை நான் தொடவில்லை. நீ வா. அவசரமில்லை, பேத்தி தலை நிற்கட்டும். வந்ததும் மனசு ஆறுகிறவரை திட்டு. திட்டி முடித்ததும் அதைக் கையில் பிடித்து நாலு அடி அடி. எங்கே வலிக்கிறது என்று சொல், நான் தேய்க்கிறேன். மறுபடி அடி, மறுபடி சொல். ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும். எனக்கு வேறு வேலை இல்லை, இனி யாரும் நம்பித் தரப்போவதும் இல்லை.

மகளுக்கு என் அன்பு. பேத்திக்கு ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும், பாட்டியின் தம்பி புத்தி மட்டும் வராதிருக்கட்டும்.

முகத்தைக் காட்ட வெட்கப்படும்,
உன் தம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நீ ஃபோன் செய்தாய். "சுத்தியலெல்லாம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டாய். "நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. இவள் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். உன் கையைப் பற்றிக் கேட்பதற்குள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாய். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். ஃபோனில் பேசியவனை நம்பாதே, கடிதம் எழுதியவனை நம்பு. இது உன் கைக்கு வந்து சேர நாலு நாளாகும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு எனக்கு ஃபோன் பண்ணாதே அக்கா. பண்ணினா, முன்னைவிட நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்.