பிஸ்கட் டின்னில் போட்ட 'இல்லை'கள்

4.5.1993

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. "இன்றும் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். "தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது" என்று இருந்திருக்க வேண்டும். அடித்துத் திருத்திவிட்டேன். சரியாக அடித்தேனா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு முறையும் அடித்தேன்.

மனித குலம் கண்டவற்றுள் நெருப்பு, சக்கரம், அருப்புக்கோட்டை மாடியறையில் நடக்கும் 'எண்ணமே ஏற்றம்' மாலை வகுப்பு ஆகிய மூன்றும் தலையாயவை. முதல் இரண்டையும் கண்டவர் யாரென்று தெரியாது. மூன்றாவதைக் கண்டவர் ராமசுப்பு சார். பகலில் அவர் ஓர் அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவைக் கவனிக்கிறார். (அலுவலகத்தின் பெயரில் மழை பெய்யாததைக் குறிக்கும் சொல் வருகிறது; எழுதினால் எதிர்மறையாகிவிடும்.) மாலை ஆறரை முதல் எட்டு வரை எங்களைக் கவனிக்கிறார். நான் பகலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறேன். இரவு பஸ்ஸில் செவக்காட்டுப்பட்டிக்குத் திரும்பி இதை எழுதுகிறேன்.

வகுப்பின் முதல் விதி, 'இல்லை' என்ற சொல்லை ஒழிப்பது. வாய் தவறிச் சொன்னவர் அதை ஒரு சீட்டில் எழுதி, மேசை மேல் உள்ள பிஸ்கட் டின்னில் போட வேண்டும். சார் டின்னை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். "ஒங்க இல்லையெல்லாம் இனிமே ஏம் பொறுப்பு" என்பார். இவ்வளவு பெரிய மனது யாருக்கு வரும்?

இன்றைய பயிற்சி: காலி டம்ளரில் தண்ணீர் குடிப்பது. பதினாறு பேரும் அண்ணாந்து குடித்து "ஆகா" என்றோம். பலசரக்குக் கடை சங்கரபாண்டியனுக்குப் புரையேறிவிட்டது. சார் அவன் தலையில் தட்டிக்கொண்டே, "பாத்தீகளா, இவன்தான் உண்மையா குடிச்சிருக்கான்" என்று பாராட்டினார். எனக்கு ஏன் புரையேறவில்லை என்ற கவலையோடு ஊர் திரும்பினேன்.

7.5.1993

இந்தக் கோடைக்கு வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஓர் அடிபம்புக்குத்தான் அனுமதி வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சாரின் அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் இடங்களில் ஒன்றுக்குக் கிடைக்கும். எங்கள் ஊருக்கு வாரம் இரண்டு நாள் வரும் தண்ணீர் லாரிதான் கதி. மனு எழுதும் பொறுப்பு, படித்தவன் என்று என்னிடம் வந்தது.

சாரிடம் யோசனை கேட்டேன். "பால்ச்சாமி, வேணும்னு எழுதுனா நீ கையில ஒண்ணுமில்லாதவன்னு ஆயிரும்ப்பா. வந்துருச்சுன்னு எழுது. நன்றி சொல்லு. பிரபஞ்சத்துக்கு வெக்கமாப் போயிரும், கொண்டாந்து கொடுத்துரும்" என்றார். நான் எழுதியதை அவரே திருத்தியும் கொடுத்தார். 'இனிக்கிறது' என்பதை 'இளநீர் போல் இனிக்கிறது' என்று மாற்றினார். என்னே அவருடைய ஈடுபாடு!

சாயங்காலம் வேப்பமரத்தடியில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கள் ஊருக்கு அடிபம்பு வந்துவிட்டது. தண்ணீர் இளநீர் போல் இனிக்கிறது. ஒரு குறையும் இன்றி வாழ்கிறோம். மிக்க நன்றி."

வெள்ளைத்தாய் மதினி எழுந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"பம்பு எங்கன இருக்கு கொழுந்தனாரே?"

"மனசுல மதினி. முதல்ல மனசுலதான் வரும்."

"அப்ப கொடத்த எங்க வைக்க? ஈரல்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு நேர்மறையானதுதானா என்று யோசித்தேன்.

"நம்பிக்கையா ரேகை வைங்க மதினி. சார் சொன்னாக."

"வராட்டி?"

"அந்த வார்த்தையே வேண்டாம்."

"அது வேண்டாம், இது வேண்டாம்ங்குற. லாரிக்காரன் ஆளுக்கு ரெண்டு கொடத்துக்கு மேல பிடிக்க விடமாட்டேங்கான். நெறமாசக்காரி ராக்கம்மா அந்த ரெண்டு கொடத்த வச்சுக்கிட்டு என்ன செய்வா?" என்றவள், பெருவிரலை மையில் அழுத்தினாள். "படிச்ச புள்ள சொல்ற. வைக்கேன்."

அறுபத்திரண்டு ரேகைகள். இரண்டு முறை எண்ணினேன். கீழே என் கையெழுத்து. கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்துக்கொண்டேன்.

10.5.1993

அலுவலகத்தில் மனுவைச் சாரே வாங்கி முத்திரை குத்தினார். நகலிலும் குத்தித் தந்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருவது வருஷ சர்வீஸ்ல நன்றின்னு வந்த மொத மனு இதுதான்யா" என்று என் கையைக் குலுக்கினார். "ஒரு குறையும் இன்றி" என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் 'மகிழ்ச்சி' என்று எழுதினார்.

வரலாறு கண்ணெதிரே நடக்கும்போது நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொண்டேன்: காலை 11.20.

24.5.1993

தண்ணீர் லாரி இரண்டு வாரமாக வருகையை ஒத்திவைத்திருக்கிறது. பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து, காட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர் எடுக்கிறார்கள். ராக்கம்மாள் நேற்று வழியில் மயங்கி விழுந்தாள். குடம் உடைந்தது, வயிற்றுப்பிள்ளை தப்பியது.

இன்று அலுவலகத்துக்கு ஓடினேன். பியூன் மொக்கையன் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார்.

"வாங்க, நன்றி மனுக்காரரே. ஒங்க மனுவச் சட்டம் போட்டுச் செவத்துல மாட்டியிருக்காக, பாத்தீகளா?"

"அண்ணே, லாரி ஏன் வரல?"

"பம்பு இருக்குற ஊருக்கு லாரி எதுக்கு? தேவைப் பட்டியல்லருந்து எடுத்தாச்சு."

"பம்பு வரலையே அண்ணே!"

"அறுவத்திரண்டு ரேகை வச்சு வந்துருச்சுங்கிறீக. வரலைன்னு இப்ப எழுதிக் குடுத்தா, பொய் மனுப் போட்டதுக்கு ஒம்மேலதான்யா கேஸு வரும்."

மாலை வகுப்பில் சாரிடம் கேட்டேன். அவர் என் கண்ணையே பார்த்தார். "உள்ள எங்கயோ ஒரு சந்தேகம் இருந்துருக்கு. யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். இருந்தது. மே 3-ஆம் தேதிக் குறிப்பிலேயே இருந்தது. ஓர் ஊரையே தாகத்தில் தள்ளிய எனக்கு, சார் தண்டனையாகக் காலி டம்ளரில் கூடுதலாக நான்கு முறை குடிக்கக் கொடுத்தார். கருணை என்றால் இது.

2.6.1993

மன்னிப்புக் கேட்க, விடுமுறை போட்டுவிட்டு இன்று காலை முதன்முறையாகச் சார் வீட்டுக்குப் போனேன். டவுனுக்கு வெளியே புதிதாக முளைத்த நகர். நாலு வீடுகள்தான். சார் வீட்டு வாசலுக்கு நேரே புத்தம் புதிய அடிபம்பு, பச்சைப் பெயின்ட் காயாமல் நின்றது. மொக்கையன் அண்ணன் அடித்துக்கொண்டிருந்தார். சாரின் மனைவி ரோஜாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சார் எண்ணத்தின் வலிமையால் வரவழைத்திருக்கிறார் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

"சார் எத்தன நாள் தியானம் பண்ணாக அண்ணே?"

"தியானமா? மனுப் போட்டாக."

"நன்றின்னு எழுதியா?"

மொக்கையன் அண்ணன் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏலே, நீ வெவரமில்லாதவனா, இல்ல நடிக்கிறியா? மத்தியானம் ஆபீசுக்கு வா. காட்டுறேன்."

காட்டினார். சார் போட்ட, மே 10-ஆம் தேதியிட்ட மனு. "எங்கள் நகரில் குழாய் இல்லை. கிணறு இல்லை. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வரும் வழி இல்லை. கேட்க நாதி இல்லை..." நான் எதையும் எண்ணிப் பார்ப்பவன். பதினொரு 'இல்லை'. எங்களிடம் வாங்கிப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு போன எதையும் சார் வீணாக்கவில்லை.

ஊருக்கு வந்து வெள்ளைத்தாய் மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மை வைத்த தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அனுமதி வந்தது ஒரே ஒரு பம்புதான?"

"ஒண்ணுதான் மதினி."

"நமக்கு வந்துருச்சுன்னு எழுதி, ரேகை வச்சு, அதிகாரி செவத்துல மாட்டியிருக்காரு?"

"ஆமா."

"அப்ப அது நம்ம பம்புதான கொழுந்தனாரே? மாத்தி எழுதுனாத்தான கேஸு? நம்ம ஏன் மாத்தணும்?"

நான் அந்த வாதத்தில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

நாளை: முத்திரை குத்திய நகலை மடியாமல் எடுத்துவைக்க வேண்டும். காலை 5.40 முதல் பஸ். ராக்கம்மாள் வர வேண்டாம், அவள் குடத்தை நான் தூக்க வேண்டும். ஆக மொத்தம் அறுபத்திரண்டு குடங்கள். எங்கள் ஊர் அடிபம்பு ராமசுப்பு சார் வீட்டு வாசலில் இருக்கிறது; தண்ணீர் எடுத்து வர வேண்டும். சார் வெளியே வந்து கேட்டால், நன்றி சொல்ல வேண்டும்.