இரண்டு கதவுக் கார்

ஏறி உட்காரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போதுதான் இடுப்பு வரமாட்டேன் என்றது.

ஷோரூமின் நடுவே, மெதுவாகச் சுழலும் வட்ட மேடைமேல் நின்ற சாம்பல் நிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபேக்குள் அவர் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. மேடை சுற்றிக்கொண்டே இருந்ததால், அங்கே வந்திருந்த அத்தனை பேருக்கும் அவரை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

டை கட்டிய விற்பனையாளர் மேடையோடு சேர்ந்து நடந்தபடியே குனிந்தார். "சார், ஏதாவது உதவி வேணுமா?"

"இல்ல, சீட் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"இருபது நிமிஷமா பாக்கறீங்க சார்."

"காருன்னா நல்லாப் பாத்துதானே வாங்கணும்?"

அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கடைக்கு வருகிற யாரைப் பார்த்தாலும் "பவர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு, ஊருக்கே அவர் 'பவர்' ஆகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. கல்லூரி நாளில் ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் படம், இன்னமும் அவருடைய பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஓட்டியதெல்லாம் ஏழு பேர் உட்காரும் டப்பா வண்டி. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். மாமியார் மச்சான் வீட்டோடு போய்விட்டார். காலையில் ஆறரை மணிக்கு மனைவியைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்ட பிறகு, ஆறு காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு கடைக்குப் போவது பவருக்கு வரவர என்னவோ போல் இருந்தது.

மனைவி ஊரின் மறுகோடியிலுள்ள ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். சிக்கனம். நிதானம். வீட்டில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒருத்தருக்கொருத்தர் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் பவருக்குக் காது சிவந்துவிடும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகவே, முதலில் காரை வாங்கிவிடுவது, பிறகு மறைக்காமல் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கடைசியில் மேடையை நிறுத்தி, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவரைக் கரையேற்றினார்கள். நின்று பார்த்த குடும்பம் ஒன்று கை தட்டியது. இவ்வளவு நடந்த பிறகு 'சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முன்பதிவுத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதி மடங்கிய நிலையிலேயே வெளியேறினார்.

வீட்டு வாசலில் மனைவி திகைத்து நின்றாள். "ஏங்க! என்னாச்சு உங்களுக்கு?"

"கடையில லென்ஸ் மெஷினத் தூக்கினேன்."

"அத எதுக்குத் தூக்கினீங்க?"

"அடியில ஒரே தூசி."

அவள் அவரைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு முதுகில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். பவர் வாய்விட்டு அலறினார்.

"இது தூக்கின வலி இல்ல. ஒக்காந்த வலி. எங்க போய் ஒக்காந்தீங்க?"

"தரையில. ஸ்க்ரூ விழுந்துடுச்சு. தேடினேன்."

"மெஷினத் தூக்கினப்பவா?"

"தூக்கினப்பதான் விழுந்துச்சு."

அவள் காதைப் பார்த்தாள். பவர் சட்டென்று முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். இரண்டு நாள் அசையக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மூன்றாம் நாள், புதுக் காரே வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் ஷோரூமுக்குப் போனார். வயதைக் காட்டிக் கொடுக்கிறது என்பதால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

விற்பனையாளர் கலங்கவில்லை. "சார், உங்க இடுப்புக்குன்னே பின்னாடி ஒண்ணு நிக்குது. வாங்க."

பின்பக்கத்து முற்றத்தில், கைமாறி வந்த வண்டிகளுக்கு நடுவே அது நின்றது. அதே கூபே. செக்கச் செவேலென்று. மூன்று வருஷம் ஓடியது. ஒரே ஒருவர் கையில் இருந்தது. போன வாரம்தான் வந்ததாம். யாரோ புண்ணியவான் சீட்டை உயர்த்தி, முதுகுக்குத் தோதாகச் சாய்த்து வைத்திருந்தான். பவர் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். ஐந்தாவது தடவை இறங்கும்போது விசில்கூட அடித்தார்.

"இதுவா சார், அதுவா?" என்றார் விற்பனையாளர்.

பவருக்குப் பகீரென்றது. முப்பது வருஷமாக ஊரிலுள்ள கண்களையெல்லாம் பார்த்து "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வி எவ்வளவு கொடூரமானது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பழசு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. புதுசுக்கோ அந்த வாசனை இருக்கிறது, யாரும் தொடாத அந்த மினுமினுப்பு இருக்கிறது. கடைக்குத் திரும்பி, ஒரு பெண்மணியின் கண்ணுக்கு லென்ஸ் மாற்றியபடியே கேட்டார்:

"சொல்லுங்கம்மா. புதுசா, பழசா?"

"எழுத்தே தெரியல சார்," என்றார் அந்தப் பெண்மணி.

சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் அண்ணன். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பெரிய ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர். "தங்கச்சிகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவரை ஷோரூமின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார்.

சிவப்புக் காரைப் பார்த்ததும் மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மாப்ளே, இது வேணாம்."

"ஏன் மச்சான்?"

"இஞ்சின் போச்சு."

"பானட்டையே இன்னும் தொறக்கலியே!"

"தொறக்க வேணாம். பாத்தாலே தெரியுது. டயர் சரியில்ல. கலர் சரியில்ல. ராசியில்லாத வண்டி. பேசாம அந்தப் புதுசையே எடுத்துக்கோ, நான் சொல்றதக் கேளு."

பவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது. எந்த வண்டியைக் கண்டாலும் "பழசுதான் மாப்ளே உறுதி" என்று நாள் முழுக்கப் பேசுகிற ஆள், இன்றைக்குப் புதுசை வாங்கு என்கிறார். பவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆளுக்கு இந்தக் கார் மேல் கண்! நான் இந்தப் பக்கம் போனதும் அந்தப் பக்கமாக வந்து தானே அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்.

"சரி மச்சான், யோசிக்கிறேன்," என்று அவரை வழியனுப்பிவிட்டு, ஓடோடி வந்து விற்பனையாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத இப்பவே முடிங்க. இப்பவே!"

ஏழெட்டுத் தாள்கள் வந்தன. அன்றைக்கும் கண்ணாடியைக் கடையிலேயே விட்டு வந்திருந்த பவருக்கு அதெல்லாம் எறும்பு ஊர்வலமாகத் தெரிந்தது. எறும்பு நின்ற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மூன்றே நாளில் எல்லாம் முடிந்து, சனிக்கிழமை மத்தியானம் சிவப்புக் கூபேயை ஓட்டிக்கொண்டு சாலையில் இறங்கினார். வயது இருபதாகிவிட்டது. சிக்னலில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பஸ் முழுக்கக் கையசைத்தது.

இனி மறைக்க வேண்டாம், நேரே வீட்டுக்கு ஓட்டிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார்.

மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த ஈர யூனிஃபார்ம் நழுவி, மாடியிலிருந்து மிதந்து வந்து காரின் முன்கண்ணாடியில் பொத்தென்று விழுந்தது.

கீழே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆபரேஷன் நடுவில் டாக்டரே மயங்கி விழுந்தபோதும், ஒரு கையால் டாக்டரையும் மறு கையால் நோயாளியையும் பார்த்துக்கொண்டவள் அவள். இருபத்தாறு வருஷத்தில் பவர் அவளை இப்படிப் பார்த்ததே இல்லை.

"இது... இது எப்படி... இங்க?"

பவரின் நெஞ்சு நிமிர்ந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது.

"கஸ்டமரோடது!" என்றார்.

"எந்தக் கஸ்டமர்?"

"கண்ணு சரியாத் தெரியலையாம். ஓட்டப் பயமா இருக்குன்னு கடையில விட்டுட்டுப் போயிட்டாரு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆ... ஆம்பளதான்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். பழைய தலைமை நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள்.

"ரெண்டு சீட்டுதான் இருக்கு. ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

"அவரு சம்சாரத்துக்கா இருக்கும்."

"காது ஏன் செவந்திருக்கு?"

"வெயில்."

"இந்த வண்டி இனிமே இந்த வாசலுக்கு வரக் கூடாது. சொல்லிட்டேன்."

அன்று மாலை அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனோடு வெகுநேரம் போனில் கிசுகிசுத்தாள். பவர் கதவில் காதை வைத்துக் கேட்டதில் "அவருக்குத் தெரியுமா, தெரியாதா?" என்பது மட்டும் காதில் விழுந்தது. அந்த 'அவர்' கஸ்டமரின் சம்சாரத்தின் புருஷனோ, வேறு யாரோ என்று குழம்பி, கடைசியில் ஏதோ பெண்ணை வைத்துத் தன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு காருக்காக ஒரு குடும்பமே சிதறப் போகிறது. சிவப்புக் காரை நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வந்து படுத்தார். அன்று அவருடைய இடுப்போடு சேர்ந்து மனசும் வலித்தது.

இதற்கிடையில் ஷோரூமிலிருந்து செய்தி வேறு வந்தது: 'உங்கள் புதிய கூபே தயார். வாழ்த்துகள்.' சிவப்பை வாங்கிய அவசரத்தில், சாம்பல் நிறத்தை ரத்து செய்ய அவர் மறந்தே போயிருந்தார்! ஒன்றை மறைக்கவே நாக்குத் தள்ளுகிறது. இரண்டு ஸ்போர்ட்ஸ் காரை எங்கே மறைப்பது?

திங்கட்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஷோரூமுக்கு ஓடினார். சாம்பலை ரத்து செய்வது, சிவப்பையும் திருப்பிக் கொடுப்பது, மாலையில் அவள் காலில் விழுவது என்று திட்டம்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசலை ஒட்டி, ரிப்பன் கட்டிய ஒரு புத்தம்புது நீலக் கூபே நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் சீட்டில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். ஒரு நொடி இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். ஆனால் அவசரப் பிரிவில் பழகியவள் அல்லவா, முதலில் சுதாரித்தவள் அவள்தான்.

"உங்களத் தேடித்தான் வந்தேன். எனக்கு எல்லாம் தெரியும்."

பவர் அங்கேயே உடைந்துபோனார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அடிநாளிலிருந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். மேடையில் மாட்டிக்கொண்டது, மெஷின், தூசி, ஸ்க்ரூ, மச்சானை ஏமாற்றியது, கஸ்டமர் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்பது, எல்லாம். "பொண்ணு கிண்ணுன்னு ஒண்ணும் கெடையாது. காரு மட்டும்தான். உன் தலைமேல சத்தியம். நீ ஒரு வார்த்தை சொன்னா அந்தச் செவப்ப இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

அவள் எங்கோ பார்த்தாள். நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது.

"வேணாம். ஆசப்பட்டு வாங்கிட்டீங்க. நீங்களே வெச்சுக்குங்க."

பவர் தன் காதையே நம்பவில்லை. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். கோவமெல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவு மறைவு வந்துட்டா அப்புறம் அது குடும்பமா?"

"இல்லம்மா. இனிமே இல்ல."

அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். அவள் ஒரே வீச்சில், கதவைக்கூடப் பிடிக்காமல், காரிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். "முகம் கழுவிட்டு வந்துடறேன், இங்கயே நில்லுங்க," என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்போது, சாவி ஒப்படைக்கும் பெண் கையில் பூங்கொத்தோடு அவரிடம் வந்து சிரித்தாள்.

"சார், நீங்க மேடம்கூட வந்தவரா? இந்தச் சாவிய அவங்ககிட்ட குடுத்துடுங்க. மூணு வருஷமா ஓட்டின அந்தச் செவப்பக் குடுத்துட்டு இத எடுத்திருக்காங்க, எங்ககிட்ட மேடம் வாங்கற மூணாவது ஸ்போர்ட்ஸ் கார் சார் இது!"