மச்சான் செத்ததுக்குத் தேவதாஸ் போட்ட கையெழுத்து

காஜா பெராங், மலாக்கா.
1958, கார்த்திகை மாசம்.

அன்பும் அறிவும், அதுக்கு மேல கொஞ்சம் திமிரும் உள்ள மச்சான் வேலாயுதத்துக்கு, உன் அக்கா புருஷன் மருதமுத்து எழுதிக்கிறது. இங்க நானும் உன் அக்கா பூங்காவனமும் சொகம். நாகப்பட்டணத்துல நீயும் சொகமா இருப்பேன்னு நம்பித்தான் எழுதறேன். நம்பின்னு ஏன் சொல்றேன்னா, இங்க நீ போன செவ்வாக்கெழமை செத்துப்போயிட்ட. பயப்படாத. முழுசாப் படி.

உன் கடுதாசி வந்துச்சு. வீட்டுக்கு ஓடு மாத்துறதாவும், கொல்லையில வாழை போட்டதாவும், இனிமே அங்கயே இருந்துடலாம்னு பாக்குறதாவும் எழுதியிருந்த. இரு. தாராளமா இரு. இந்த வருஷக் கடைசியோட திரும்பி வர்ற பெர்மிட்டு முடியுது, முடிஞ்சா அப்புறம் நீ இங்க வர முடியாது, அதெல்லாம் உனக்குத் தெரியாததா. போன வருஷம் சுதந்திரக் கொடி ஏத்துன அன்னிக்குத் தொண்டை கிழிய மெர்டேக்கா மெர்டேக்கான்னு கத்திட்டு, அடுத்த மாசமே கப்பலேறின ஆளு நீ. உன்னை யாரும் இங்க தேடல. நான் பாட்டுக்குப் புத்தகம் படிக்கிறேன், நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாப் படிச்ச புத்தகத்தைக் குறிச்சு வெக்கற வருஷக் கணக்கு நோட்டை எழுதறேன். மர்மக்கதைப் பக்கம் நெறைஞ்சுபோச்சு. மாயக்கதைப் பக்கம் உன்னோடது, அது சும்மா கெடக்கு. பாவமேன்னு உனக்காக ஒண்ணு படிச்சுப் பாத்தேன். அதுல ஒரு ராஜகுமாரன் ஏழு கடலைத் தாண்டிப் போயி, பூதத்தைக் கொன்னு, அடுத்த அத்தியாயத்துலயே வீட்டுக்கு வந்துடறான். உனக்கு இருக்கறது ஒரே ஒரு கடல். அதுவும் கப்பல்ல படுத்துக்கிட்டே வரலாம். நான் குத்திக் காட்டல, கதையைச் சொன்னேன்.

சரி, நீ செத்ததுக்கு வர்றேன். நம்ம கணக்குல ஒரு சட்டம் இருக்கில்ல, படிச்சவன் கதையைச் சொல்லணும், கேட்டவன் கையெழுத்துப் போடணும், அப்பத்தான் அந்தப் புத்தகம் கணக்குல சேரும்னு. அந்தச் சட்டம் போட்டதே நீதான், நான் அட்டையை மட்டும் பாத்துட்டு எழுதிக்கிறேன்னு சந்தேகப்பட்டு. நீ போனதுக்கு அப்புறம் யாருகிட்டப் போயி கதை சொல்ல? உன் அக்காகிட்டச் சொன்னா, "கொலைகாரன் கெடக்கான், அரிசி வாங்கிட்டு வாங்க"ங்கறா. அதனால நம்ம பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி, தேவதாஸைப் புடிச்சேன். நல்ல மனுசன், திருநீறு பூசிக்கிட்டுத் தவறாம கோயிலுக்குப் போவான், ஆனா பல தலைமுறையா இங்கயே இருந்துட்ட குடும்பம், தமிழ் வாயில வராது, எல்லாம் மலாய்தான். என் மலாய் உனக்குத் தெரியும், பாசார்ல மீன் வாங்கற அளவு. மீன் வாங்கற மலாய்ல ஒரு கொலையைச் சொல்றது லேசு இல்ல மச்சான்.

அன்னிக்குச் சாயங்காலம் அவன் வீட்டு வாசல் பெஞ்சுல உக்காந்து ஆரம்பிச்சேன். உன் கடுதாசி அப்பத்தான் வந்திருந்துச்சு, அதையே புத்தகத்துல அடையாளத்துக்குச் சொருகி வெச்சிருந்தேன். கதையில ஒரு பண்ணையாருக்குப் பால்ல வெஷம் வெச்சுக் கொன்னுடறாங்க. நம்ம வழக்கப்படி, கொலையாகற ஆளுக்குக் கேக்கறவன் பேரை வெக்கணும். நீ என்னைக் கெணத்துல தள்ளியிருக்க, மலை மேலேருந்து உருட்டியிருக்க, ஒரு தடவை யானையை விட்டு மிதிச்ச. நான் கேட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போடலையா? ஆனா தேவதாஸ் பக்கத்துல அவன் பொஞ்சாதி சீதா உக்காந்து வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கட்டின புருஷனை அதுக்கு எதுக்க எப்படிக் கொல்ல? மனசு வரல. வாய்க்கு வந்தது உன் பேருதான். வேலாயுதம், நாகப்பட்டணம், பாலு, வெஷம், மாத்தி, அதாவது செத்துட்டான்னு சொன்னேன். சொல்லிட்டுத் துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டேன். தேவதாஸ் என் மூஞ்சியைப் பாத்தான், புத்தகத்துல சொருகியிருந்த இந்தியாத் தபாலைப் பாத்தான். நான் கணக்கு நோட்டை நீட்டி இங்க கையெழுத்துப் போடுன்னேன், போட்டான். சாவுக் காயிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்துன்னு நெனச்சிருக்கான்.

மறுநாள் காலையில நான் குளியலறையில இருக்கேன், வாசல்ல கசமுசான்னு சத்தம். சீதா, சொந்தக்காரப் பொம்பளைங்களோட சாரோங்குக் கைலியும் கெபாயாச் சட்டையுமா வந்து நிக்கிது, கையில எழவு வீட்டுக்குக் குடுக்கற கோப்பித்தூளு, சீனி. அந்நேரம் பாத்து உன் அக்கா பாசார்லேருந்து மீன் பையோட வர்றா. சீதா ஓடிப்போயிக் கட்டிப்புடிச்சு, "காசியான், காசியான்"னு ஒரே அழுகை. நம்ம பாவம்கறதுதான் அவங்களுக்குக் காசியான். உன் அக்கா என்ன ஏதுன்னு கேக்கல, அவளும் சேந்து அழுதா. நல்லா அழுது முடிச்சுட்டு, "யாருக்கு?"ன்னு கேட்டா. "உன் தம்பிக்கு"ன்னுச்சு சீதா. மீன் பை கீழ விழுந்துச்சு. எங்க இருந்துதான் பாத்துக்கிட்டு இருந்துச்சோ, ஒரு பூனை பெரிய மீனாப் பாத்துத் தூக்கிட்டுப் போச்சு. நான் துண்டோட ஓடிவந்து, "அடியே அழுவாத, அவன் தானாச் சாகல, நாந்தான் கொன்னேன்"னேன்.

அதை வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

உன் அக்கா மிச்சம் இருந்த மீனாலயே என்னை அடிச்சா. துண்டைப் புடிச்சுக்கவா, அடியைத் தடுக்கவா? பொம்பளைங்கல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. ஒரு வழியாக் கதைன்னு வெளங்க வெச்சு, நோட்டைக் காட்டி, உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். சத்தம் கேட்டு வந்திருந்த தேவதாஸுக்குக் கோவம் வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டான், "உசுரோடதான் இருக்கானா? அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?"

நான் உள்ள போயி சட்டையை மாட்டிக்கிட்டு வந்தேன். சாவு இல்லன்னு தெரிஞ்சும் பொம்பளைங்க யாரும் எந்திரிச்சுப் போகல. கொண்டாந்த தூள்ல கோப்பி போட்டாங்க. நீ அவங்க பிள்ளைங்களுக்குப் பட்டம் ஒட்டிக் குடுத்தது, மழையில கூரை ஏறி ஓட்டை அடைச்சது, எல்லாத்தையும் பேசினாங்க. உசுரோட இருக்கற ஆளுக்கு அப்படி ஒரு எழவு வீடு நான் பாத்ததில்ல. உன் அக்கா மட்டும் அடுப்பங்கரையை விட்டு வெளிய வரல. கதவிடுக்குல பாத்தேன், மொகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. நீ சாகலன்னு அதுக்குள்ள அவளுக்கு நல்லாத் தெரியும்.

அவ்வளவுதான் சேதி. நீ அங்கயே நல்லபடியா இரு. ஓடு மாத்து, வாழைக்குத் தண்ணி விடு. எங்களைப் பத்தி ஒரு கவலையும் வேணாம், ஒரு கொறையும் இல்ல. நம்ம மலாக்காச் சாமி சன்னாசிமலையாண்டவர் தொணையிருப்பாரு. உன் தலைமயிர் இன்னும் கொட்டாம இருக்கவும், உன் வாழை காத்துல சாயாம இருக்கவும் வேண்டிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கொன்ன அத்தான்,
மருதமுத்து

பின்குறிப்பு: மேல எழுதினதுல பாதி பொய். மர்மப் பக்கம் நெறையல. தேவதாஸ்கிட்டச் சொன்னது ஒண்ணுதான் முழுசாப் படிச்சது. மத்ததெல்லாம் யாரு கொலைகாரன்னு சொல்றதுக்கு முந்தின பக்கத்துல மூடி வெச்சிருக்கேன். தப்பு ஆளைச் சொல்லிக்கிட்டு என்னோட சண்டை போட ஆள் இல்லாம, தெரிஞ்சு என்ன பண்ண?

இன்னொண்ணு. நேத்துத் தந்தியாபீசுக்குப் போயி, உன் அக்கா பேருல, "மருதமுத்து சீரியஸ், உடனே புறப்படு"ன்னு அடிச்சுட்டேன். அவளுக்குத் தெரியாது. தந்தி எழுதினவரு, "ரொம்ப முடியலையா அவருக்கு?"ன்னு கேட்டாரு. "சோறு எறங்கல"ன்னேன். வெளிய வந்து ரெண்டு ரொட்டி தின்னேன், நல்லாத்தான் எறங்குச்சு. நீ வராம அங்கயே உக்காந்துக்கிட்டு எனக்காகக் கவலைப்படக் கூடாதில்ல, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. தந்தி முன்னால வரும், இது மெதுவாப் பின்னால வரும். அதுக்குள்ள நீ கப்பலேறியிருந்தா, இதை வாங்க அங்க ஆள் இருக்காது, தபால்காரன் திருப்பி அனுப்பிடுவான். பின்பக்கம் நம்ம வீட்டு விலாசத்தைப் பெருசா எழுதியிருக்கேன். மச்சான், நான் எழுதினதுலயே இது ஒண்ணு மட்டும் யாரும் படிக்காமத் திரும்பி வரணும். வர்ற அன்னிக்கு நம்ம வாசல்ல நீ நின்னு வாங்கணும். வாங்கி, பிரிக்காம எங்கிட்டக் குடு.