மழைத்துரையின் டின்கள்

ஒரு வேலை நன்றாகப் பழகிவிட்டது என்று யாராவது பெருமையடித்தால் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். பழகாத வேலையைச் செய்யும்போது மனிதன் கொஞ்சமாவது யோசிக்கிறான். பழகிய வேலையில்தான் எல்லா அனர்த்தமும் நடக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுக்க அணுகுண்டு வெடிக்க வேண்டியிருந்தது, ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி கப்பலேறி மலாயாவுக்கு வர வேண்டியிருந்தது, பகாவ் பக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க மழை பெய்ய வேண்டியிருந்தது.

கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபது வயது. ரப்பர் தோட்டத்தில் அக்கா வீட்டுக்காரர் நடத்திய மளிகைக் கடையில் நிற்பேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்று பெயர். செய்தது உப்பும் புளியும் கட்டுகிற வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டை போடுவது.

(இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லாவிட்டால் புரியாது.) காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டில் போலீஸ் சோதனை. ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. கடையில் விற்கிற ஒவ்வொரு டின்னையும் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டில் பதுக்கி வைக்க முடியாது. மூடிய டின் ஒன்று கடையைத் தாண்டினால் கடைக்குப் பூட்டு, மாமாவுக்கு ஜெயில்.

அதனால் கல்லா மேசையில் குத்தூசி ஒன்று எப்போதும் இருக்கும். இடது கை டின்னை எடுத்து மேசையில் வைக்கும். வலது கை ‘டப்’ என்று மூடியில் ஒரு குத்து. இடது கை அதை அப்படியே வாங்குகிறவர் பக்கம் தள்ளிவிடும். மத்தி மீன், பால், பிஸ்கட், எது வந்தாலும் டப். ஒரு வருஷத்துக்குப் பிறகு இதில் என் மூளைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நாள் முழுக்க ஆளோடு ஆள் பேசிக்கொண்டே குத்திக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அலுத்துப்போயிருந்தேன். வேலி, சோதனை, ஊரடங்கு, மழை, மறுபடியும் வேலி. கோலாலம்பூருக்கு யாராவது கூப்பிட்டால் கழுதை மேய்க்கக்கூடப் போயிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். சிவந்த மூக்கு, முழங்கால் வரை காலுறை. வேலிக்கு வெளியே, மானேஜர் பங்களாப் புல்வெளியில் பெரிய புனல் ஒன்றை நட்டு, அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்தார். சனங்கள் அன்று சாயங்காலமே அவருக்கு மழைத்துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ் தெரிந்த பையன் வேண்டும் என்று கேட்டதில் நான் மாட்டினேன். அவர் சொன்னது இது. எங்கோ பாலைவனத்திலும் நடுக்கடலிலும் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்கள். அந்தத் தூசி மேலே போய், உலகத்தைச் சுற்றி, மழையோடு இறங்குகிறது. அதில் புளூட்டோனியம் என்று ஒன்று உண்டு. மனிதன் அணு உலையில் செய்த உலோகம். மண்ணில் விழுந்தால் ஆயிரக்கணக்கான வருஷம் கிடக்கும். எவ்வளவு விழுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. விழுவது தூசியிலும் தூசி என்பதால் மழைக்காலம் முழுவதும் பெய்கிற தண்ணீர் வேண்டும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது, வெளித்தூசி ஒன்று உள்ளே போகக் கூடாது.

நான் இதைக் கடையில் வந்து சொன்னபோது மாமா தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப அந்தக் குண்டுத் தூசி நம்ம தோட்டத்துலயும் விழுதா?”

“விழுமாம் மாமா. எல்லா எடத்துலயும் விழுமாம்.”

“கேட்டுல செக் பண்ண மாட்டானுங்களா? ஒரு பிடி அரிசிக்கு என் கோவணத்த வரைக்கும் தடவுறானுங்க. இது பாட்டுக்கு உள்ள வருது லா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. முற்றத்தில் காய்ந்த குழந்தைத் துணிகளைப் போய் எடுத்துவரச் சொல்லி அக்காவைச் சத்தம் போட்டார்.

மழைத்துரை எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். மழைக்காலம் முடியும்வரை ஒழுங்காகத் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தால், கோலாலம்பூரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை. முதலில் கண்ணாடிக் குடுவை கழுவ வேண்டும், பிறகு மெல்ல மெல்ல அளக்கவும் கற்றுத் தருவார். அன்றிலிருந்து நான் நடந்ததே வேறு மாதிரி. நியாயமாக எனக்கு இரண்டு அறை விழுந்திருக்க வேண்டும். கடைக்கு வருகிற பெண்களிடம் புளூட்டோனியம் பற்றிப் பிரசங்கம் செய்வேன். “பால் டின் குடுய்யா மொதல்ல” என்பார்கள். குடுப்பேன். டப்.

தினமும் மழை நின்றதும் பங்களாவுக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்து வருவேன். முதல் நாளே கேட்டில் போலீஸ்காரர் மோந்து பார்த்தார். நிறமில்லாத திரவம், கள்ளத்தனமான நடை (பயத்தில் நான் எப்போதும் அப்படித்தான் நடப்பேன்). சம்சு சாராயம் கடத்துகிறேன் என்று முடிவு கட்டி, குடித்துக் காட்டச் சொன்னார். நான் மலாய் மொழியில் அணுகுண்டை விளக்க முயன்றேன். ‘பொம்’ என்ற சொல் வாயில் வந்ததும் அவர் துப்பாக்கியை எடுத்தார். குடித்துவிட்டேன். ஆராய்ச்சியின் முதல் நாள் மழை அப்படித்தான் வீணாய்ப் போனது. மறுநாள் மழைத்துரை மானேஜரிடமிருந்து ஒரு சீட்டு வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு ஒரு தப்பும் நடக்கவில்லை. தண்ணீரை அவர் கொடுத்த புது டின்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, மெழுகு பூசி, கடையின் பின்னறையில் பூட்டி வைத்தேன். தோட்டத்திலேயே பத்திரமான பூட்டு அரிசி இருந்த அறைக்குத்தான். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம். எலி வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மழைக்காலம் முடிந்தது. ஒரு நாள் காலையில் மழைத்துரை லாரியோடு வந்தார். என் தோளில் தட்டினார்.

“பெட்டி கட்டிவிட்டாயா? இந்த லாரியிலேயே நீயும் வரலாம்.”

அவர் மானேஜரிடம் சொல்லிவிட்டு வரப் போனார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு எனக்கு முறுக்குக் கட்டிக்கொடுத்தாள். கேட்டில் அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லாரி டிரைவர் முனியாண்டி அண்ணன் சிரம்பான்காரர். மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“டின்ன எடுத்துக் குடு தம்பி, நான் ஏத்திக்கிறேன்.”

பின்னறையிலிருந்து டின்களை மாமா கொண்டுவந்து என் பக்கத்தில் அடுக்கினார். நான் முனியாண்டி அண்ணனுக்கு என் எதிர்காலத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டுப் போடுவேன், கண்ணாடிக் குடுவை, மின்சார விசிறி, ஞாயிற்றுக்கிழமை லீவு.

“அங்கல்லாம் ஊரடங்கு கிடையாதாண்ணே?”

“டவுன்ல ஏது தம்பி? ராத்திரி படம் பாத்துட்டு ஜாலான் ஜாலான்னு நடந்தே வரலாம்.”

இடது கை எடுத்தது. டப். தள்ளியது. இடது கை எடுத்தது. டப். தள்ளியது. முனியாண்டி அண்ணனுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் எந்தக் கடையிலும் வேறு மாதிரி டின் வாங்கியதில்லை. மாமாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கு அது சட்டப்படி நடக்கிற காரியம். கடைசி டின்னையும் தள்ளிவிட்டுக் குத்தூசியை அதன் இடத்தில் வைத்தேன். முனியாண்டி அண்ணன், ரோட்டுக் குழியில் கவிழ்ந்துவிடக் கூடாது என்று, எல்லா டின்னையும் படுக்க வைத்து அடுக்கினார்.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். கேட்டில் லாரி நின்றது. மழைத்துரை தன் காரில் பின்னால் வந்து நின்றார். போலீஸ்காரர் லாரியில் ஏறி ஒவ்வொரு மூடியாகத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிறது என்று உரக்கச் சொல்லி, “பாகுஸ்! போலே ஜாலான்!” என்று கையசைத்தார். ரொம்ப நல்லது, போகலாம்.

மழைத்துரைக்கு மலாய் தெரியும். காரிலிருந்து இறங்கினார். லாரிக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் மானேஜர் கத்துவார், கேட்டுப் பழக்கம். இவர் லாரியின் ஏறுபடியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன்?”

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். “சட்டம், சார்.”

“மழைக்குமா?”

“எல்லா டின்னுக்கும், சார்.”

அவர் குனிந்து அந்த ஈர மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது தொலைந்துவிடவில்லை. இங்கேதான், இந்த கேட்டு வாசலில்தான் கிடக்கும். நமக்கெல்லாம் வயதாகிச் செத்த பிறகும் கிடக்கும். என்னால்தான் இனி அளக்க முடியாது” என்றார். சோர்ந்த குரல். பிறகு எழுந்து தன் காருக்குப் போனார். நான் பெட்டியோடு இறங்கினேன். லாரி காலி டின்கள் கடகடக்கப் போனது. உள்ளே திரும்பும்போது போலீஸ்காரர் என் பெட்டியைத் திறந்து, முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அக்கா அழுதாள். “அவன் கை சட்டப்படிதான் வேல செஞ்சிச்சு, விடு லா” என்றார் மாமா. அது ஆறுதலா கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு அம்மா பால் டின் கேட்டு வந்தார். அவசரகாலம் முடிகிற வரைக்கும் நான் அந்த மேசைக்குப் பின்னால்தான் நின்றேன். பிறகு பகாவில் சொந்தமாக ஒரு கடை, கல்யாணம், பிள்ளைகள். கதையும் கூடவே வந்தது. வீட்டில் பிறந்தநாள் பரிசு பிரிக்கும்போது என்னை இரண்டு அடி தள்ளி உட்கார வைப்பார்கள். பக்கத்து வீட்டுச் சீனருக்குக்கூடத் தெரியும்.

என் மூத்த மகள் இயற்பியல் படித்து, ஆற்று மணலிலும் கடல் சேற்றிலும் கதிரியக்கம் அளக்கிற வேலைக்குப் போனாள். பல வருஷம் கழித்து ஒரு நாள், “வந்து பாருங்கப்பா” என்று கூப்பிட்டாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தின் கதவுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் நான்கைந்து பேர், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சொல்லி வைத்திருக்கிறாள். அலமாரி நிறைய மூடிய புட்டிகள். அவற்றில் மழைத் தண்ணீரும் உண்டு என்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“உள்ள வரலாமா?” என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வாங்கப்பா. ரெண்டு கையையும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வாங்க.”

போட்டுக்கொண்டுதான் போனேன்.